மலையக வீடமைப்பும் மண்சரிவும்: இடருக்குப் பொறுப்பாளர் யார்?

2025 ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் இலங்கையைத் தாக்கிய 'டித்வா' சூறாவளி நாடளாவிய ரீதியில் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டது. நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, கேகாலை மாவட்டங்களில் மலைச்சரிவுகள் பிளந்து வீடுகளை மூடின. பாதைகள் அறுந்து, மின்சாரமும் தொலைபேசியும் துண்டிக்கப்பட்ட நிலையில் பல தோட்டங்கள் நாட்கணக்கில் வெளியுலகத் தொடர்பின்றித் தனித்துக் கிடந்தன. மழை ஓய்ந்த பின்னர் இன்று மீள்கட்டுமானம் பற்றிப் பேசப்படுகிறது. அரசாங்கம் வீடமைப்பு உதவிகளை அறிவித்துள்ளது. 2025 டிசம்பரில் இந்தியா அறிவித்த 450 மில்லியன் டொலர் உதவித் தொகுப்பிலும் வீடமைப்பு ஓர் அங்கமாக இடம்பெற்றுள்ளது.

வீடுகள் வரவிருக்கின்றன என்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அவ்வீடுகள் எந்த மண்ணில் எழப்போகின்றன, அந்த மண் உறுதியானது என்று கூறப்போகிறவர் யார், அவர் கூறியது பிழையானால் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்ற வினாக்களுக்கு இன்னும் தெளிவான விடை கிடைக்கவில்லை. அனர்த்தம் நிகழ்ந்த பின்னர் பொறுப்பாளரைத் தேடுவது நமது வழக்கமாகிவிட்டது. பொறுப்பாளரை முன்கூட்டியே நியமித்து வைப்பதற்கே இடர் முகாமைத்துவம் என்று பெயர். ஒரு கருத்திட்டத்தின் இடரை முகாமை செய்வதில் யார் யாருக்கு என்னென்ன பங்கும் பொறுப்பும் உண்டு என்பதை மலையக வீடமைப்பை உதாரணமாகக் கொண்டு நாம் இங்கு ஆராய்வோம்.

இடர் என்பது யாது?

அனர்த்தம் என்பது நடந்து முடிந்த ஒன்று. இடர் என்பது நடக்கக்கூடிய ஒன்று. ஒரு தீங்கு நிகழ்வதற்கு எவ்வளவு வாய்ப்பு உண்டு, நிகழ்ந்தால் எவ்வளவு பாதிப்பு விளையும் என்ற இரண்டையும் சேர்த்து நோக்கும்போது கிடைக்கும் மதிப்பீடே இடர் எனப்படுகிறது. செங்குத்தான மலைச்சரிவு ஓர் ஆபத்து. அதன் அடியில் எவரும் வசிக்காவிடின் மனித உயிருக்கான இடர் குறைவு. அதே சரிவின் அடியில் இருபது குடும்பங்கள் வசிக்கும் ஒரு லயன் இருக்குமாயின் இடர் பன்மடங்காகிறது. மலையை நாம் அகற்ற முடியாது. ஆனால் லயனை அகற்ற முடியும். இடர் முகாமைத்துவத்தின் அடிப்படை இதுவேயாகும்.

சர்வதேச நியமங்கள் அமைப்பு 2009 இல் வெளியிட்டு 2018 இல் திருத்தியமைத்த 31000 ஆம் இலக்க நியமம் இதனை ஒழுங்கான படிமுறைகளாக வகுத்துக் கூறுகிறது. முதலில் இடர்களை இனங்காண வேண்டும். அடுத்து அவற்றைப் பகுத்தாய்ந்து எது பெரிது, எது சிறிது என மதிப்பிட வேண்டும். பின்னர் ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் காண வேண்டும். ஓர் இடரை முற்றாகத் தவிர்க்கலாம், குறைக்கலாம், காப்புறுதி போன்ற வழியில் பிறருடன் பகிர்ந்து கொள்ளலாம், அல்லது தெரிந்தே ஏற்றுக்கொள்ளலாம். இறுதியாக, நிலைமையைத் தொடர்ந்து கண்காணித்து, சம்பந்தப்பட்டோருக்கு அறிவித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இவை யாவற்றிற்கும் மேலாக இத்துறை வலியுறுத்தும் ஒரு விதி உண்டு. ஒவ்வோர் இடருக்கும் ஓர் உரிமையாளர் இருக்க வேண்டும் என்பதே அது. காணிக்கு உரிமையாளர் இருப்பது போன்று இடருக்கும் ஓர் உரிமையாளர் வேண்டும். அவர் அந்த இடரைக் கவனிக்கும் கடமையை மாத்திரமன்றி, அதன் மீது நடவடிக்கை எடுக்கும் அதிகாரத்தையும் அதற்கான நிதியையும் உடையவராக இருத்தல் அவசியம். அதிகாரமற்றவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு கடதாசியில் மாத்திரமே வாழும். பலருக்குப் பொதுவாக விடப்பட்ட இடர் எவருக்கும் உரியதாக இருப்பதில்லை.

காணி ஒருவருக்கு, இடர் இன்னொருவருக்கு

மலையகத்தில் இந்த விதியைப் பொருத்திப் பார்ப்பது ஏன் கடினமாகிறது என்பதை விளங்கிக்கொள்ள, காணியின் வரலாற்றைச் சற்று நோக்க வேண்டும். 1972 மற்றும் 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களின் கீழ் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. இதன் விளைவாக, காணி அரசுக்குரியது, அதன் முகாமைத்துவம் கம்பனிக்குரியது, அதில் வசிப்பவர் தொழிலாளி என்ற மூன்றடுக்கு நிலை உருவாகியது. தான் பிறந்து வளர்ந்த லயன் அறையின் பின்புறத்து மண்மேட்டில் வெடிப்பைக் காணும் தொழிலாளிக்கு அவ்விடத்தை விட்டு வேறிடத்தில் குடிசையொன்றை அமைத்துக்கொள்ளும் உரிமைகூட இல்லை. ஆபத்தை முதலில் காண்பவர் அவர். முதலில் பாதிக்கப்படுபவரும் அவரே. ஆனால் தீர்மானம் எடுப்பவர் அவரல்லர்.

லயன்களுக்குப் பதிலாகத் தனி வீடுகள் என்ற கோரிக்கை இப்பின்னணியிலேயே வலுப்பெற்றது. இந்திய அரசின் 50,000 வீடுகள் திட்டத்தில் 4,000 வீடுகள் மத்திய, ஊவா மாகாணங்களின் தோட்டப் பகுதிகளுக்கென ஒதுக்கப்பட்டன. 2017 மே 12 ஆம் திகதி நோர்வூட்டில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 2018 ஆகஸ்ட் 12 ஆம் திகதி பூண்டுலோயா டன்சினன் தோட்டத்தில் 404 வீடுகள் மக்களிடம் கையளிக்கப்பட்டன. 10,000 வீடுகள் திட்டத்தின் முதற்கட்டமாக 45 தோட்டங்களில் 1,300 வீடுகளை அமைக்கும் பணி 2024 பெப்ரவரியில் ஆரம்பித்து வைக்கப்பட்டது. ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடு என்பது இத்திட்டங்களில் பழகிப்போன அளவாகும்.

அறிவிப்புக்கும் ஆரம்பத்துக்கும் இடையே ஆறரை ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருப்பதை நாம் கவனிக்க வேண்டும். அக்காலத்திற்குள் கொவிட் தொற்றும் 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியும் வந்து சென்றன. சீமெந்தும் கம்பியும் எட்டாத விலைக்கு உயர்ந்தன. வீடொன்றுக்கான இந்திய நிதியுதவி 10 இலட்சம் ரூபாவிலிருந்து 28 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட வேண்டியதாயிற்று. தாமதம் என்பதும் ஓர் இடரே. அதற்கும் ஓர் உரிமையாளர் வேண்டும். பத்து ஆண்டுகள் பழைய லயனில் காத்திருக்கும் குடும்பம் அப்பத்து ஆண்டுகளும் மண்சரிவு இடரைச் சுமந்துகொண்டே இருக்கிறது என்பது திட்ட அறிக்கைகளில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

யார், யாருக்கு என்ன பொறுப்பு?

ஒரு தோட்ட வீடமைப்புத் திட்டத்தில் சம்பந்தப்படுவோரை ஒருவர் பின் ஒருவராக நோக்குவோம்.

முதலாவது, நிதி வழங்குநர். பணத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது அவரது பங்கு அன்று. காணியின் உறுதிநிலை பரிசோதிக்கப்படாத இடத்துக்கு நிதியை விடுவிப்பதில்லை என்ற நிபந்தனையை விதிக்கும் வல்லமை அவரிடமே உள்ளது. ஒப்பந்தத்தில் அந்த ஒரு வசனம் இடம்பெறுமாயின் பல உயிர்கள் காக்கப்படும்.

இரண்டாவது, அமைச்சு. திட்டத்தின் தாய் நிறுவனம் என்ற வகையில் எந்த அளவு இடரை ஏற்கலாம், எதனை எக்காரணங்கொண்டும் ஏற்கலாகாது என்ற கொள்கைத் தீர்மானம் அமைச்சுக்கே உரியது. மலையக வீடமைப்புக்குப் பொறுப்பான அமைச்சின் பெயர் ஆட்சிக்கு ஆட்சி மாறி வந்துள்ளது. 2015 இல் மலைநாட்டுப் புதிய கிராமங்கள் அமைச்சு என்றிருந்தது, பின்னர் இராஜாங்க அமைச்சாகி, 2024 இன் பின்னர் பெருந்தோட்ட மற்றும் சமுதாய உட்கட்டமைப்பு அமைச்சு எனப் பெயர் பெற்றுள்ளது. பெயர்ப்பலகை மாறும்போது கோப்புகள் இடம்பெயர்கின்றன. உத்தியோகத்தர்கள் மாற்றலாகின்றனர். ஆகவே இடர் பற்றிய பதிவுகள் அமைச்சர்களுடன் செல்லாத நிரந்தர நிறுவனமொன்றில் பேணப்படுதல் அவசியமாகும். 2018 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டத்தினால் உருவாக்கப்பட்ட, பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபை இதற்குப் பொருத்தமான இடம் என்பது நமது கருத்தாகும்.

மூன்றாவது, கருத்திட்ட முகாமையாளர். இடர் பதிவேட்டைத் திறந்து, வாரந்தோறும் அதனைப் புதுப்பித்து, ஒவ்வோர் இடருக்கும் எதிரே ஒருவரின் பெயரையும் ஒரு திகதியையும் எழுதி வைப்பது இவரது கடமை. எல்லா இடர்களுக்கும் இவரே உரிமையாளர் என்று எண்ணுவது தவறு. உரிமையாளர்கள் தத்தமது கடமையைச் செய்கின்றனரா என்று பார்ப்பதே இவரது பணி.

நான்காவது, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். 1984 இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம் மலைநாட்டு மாவட்டங்களுக்கான மண்சரிவு அபாய வலய வரைபடங்களைத் தயாரித்துள்ளது. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டுமானத்துக்கு முன்னர் இதன் மதிப்பீட்டைப் பெற வேண்டும் என்ற நடைமுறை 2011 முதல் சுற்றறிக்கை மூலம் கொண்டுவரப்பட்டது. எனினும் இந்நிறுவனம் ஆலோசகரே அன்றிச் செயற்படுத்துபவர் அன்று. 'இவ்விடம் ஆகாது' என்று அது கூறலாம். ஆனால் மாற்றிடம் தருவதற்கு அதனிடம் காணி இல்லை. நிபுணரின் அறிக்கை கிடைத்ததும் பொறுப்பு நிறைவேறிவிட்டது என்று ஏனையோர் கருதுவதே பெரும் தவறாகும். அறிக்கை கிடைத்த கணத்திலேதான் பொறுப்பு ஆரம்பமாகிறது.

ஐந்தாவது, தோட்டக் கம்பனியும் தோட்ட முகாமையாளரும். வீடமைப்புக்கான காணியை விடுவிப்பதில் இவர்களது இணக்கம் தேவை. நல்ல விளைச்சல் தரும் தேயிலை மலையை விட்டுக்கொடுக்க எந்த நிருவாகமும் எளிதில் முன்வருவதில்லை. தேயிலைக்கு உதவாத, கல்லும் சரிவுமான காணி வீடமைப்புக்குச் சுட்டிக்காட்டப்படும் ஆபத்து இதிலேயே தங்கியுள்ளது. தேயிலைக்கு உதவாத நிலம் வீட்டுக்கு உதவும் என்று எவ்வாறு முடிவு செய்வது? அத்துடன், மலைகளில் கான் வெட்டித் துப்புரவு செய்யும் பழைய ஒழுங்கு தளர்ந்து வருவதும் கவனத்திற்குரியது. கைவிடப்பட்ட மலைகளில் கான்கள் தூர்ந்துபோக, ஓட வேண்டிய மழைநீர் மண்ணுக்குள் இறங்குகிறது. நீரை உறிஞ்சிக் கனத்த மண்ணே சரிகிறது. ஆகவே குடியிருப்புகளுக்கு மேலேயுள்ள மலைகளின் கான்களைப் பராமரிக்கும் பொறுப்பு கம்பனியினுடையது என்று எழுத்தில் குறிக்கப்பட வேண்டும்.

ஆறாவது, பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும் கட்டுமானத்தை நடைமுறைப்படுத்தும் நிறுவனங்களும். அரசு, கம்பனிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய முத்தரப்பும் சேர்ந்த இந்நிதியத்துக்குத் தோட்டங்களின் நிலைமை நன்கு தெரியும். வீடு கட்டுவதற்காக மண்மேட்டை எவ்வளவு உயரத்துக்கு, எந்தச் சாய்வில் வெட்டலாம், எங்கே தாங்குசுவர் வேண்டும், கூரைநீர் எங்கு சென்று விழும் என்பவற்றைக் களத்தில் நின்று பார்க்க வேண்டியவர்கள் இவர்களது தொழில்நுட்ப உத்தியோகத்தர்களே. உறுதியான காணியும் தவறான மண்வெட்டினால் உறுதியிழந்து போகும்.

ஏழாவது, பிரதேச சபையும் பிரதேச செயலகமும். தோட்டங்களுக்குச் சேவை வழங்குவதற்கு நீண்டகாலம் தடையாக இருந்த பிரதேச சபைச் சட்டம் 2018 இல் திருத்தப்பட்டது. எனவே வடிகான், பாதை, கட்டிட அனுமதி என்பவற்றில் 'அது தோட்டத்து விடயம்' என்று விலகிக்கொள்ள இனி இடமில்லை.

எட்டாவது, பயனாளிக் குடும்பமும் தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கமும். தகவல் அறியும் உரிமை இவர்களுக்கு உண்டு. அதேபோன்று சில கடமைகளும் உண்டு. வீடு கையளிக்கப்பட்ட பின்னர் பின்மேட்டை வெட்டி அடுக்களையை விரிவாக்குவதும், கானை மூடிக் காய்கறித் தோட்டம் போடுவதும் அயல் வீட்டுக்கும் சேர்த்து ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும்.

ஒன்பதாவது, கணக்காய்வாளர். செலவு சரியா என்று மாத்திரம் பாராமல், இடர் பதிவேட்டில் எழுதப்பட்டவை செய்யப்பட்டனவா என்றும் பார்க்கும் சுயாதீனமான கண் ஒன்று வேண்டும். செய்தவரே தம் வேலைக்குச் சான்றிதழ் வழங்கும் முறையில் பயன் இல்லை.

மீரியபெத்தை தந்த பாடம்

இப்பொறுப்புகள் ஒன்றோடொன்று இணையாதபோது என்ன நிகழும் என்பதற்கு மீரியபெத்தையை விடத் துயரமான சான்று வேறில்லை. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. பிள்ளைகள் பாடசாலைக்குச் சென்றிருந்த வேளையில் பெற்றோர் மண்ணுக்குள் புதையுண்ட குடும்பங்கள் உண்டு. அந்த இடம் ஆபத்தானது என்பது அன்று புதிதாக அறியப்பட்ட செய்தியன்று. 2005 ஆம் ஆண்டிலேயே அங்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இயற்றப்பட்டதும் அதே 2005 ஆம் ஆண்டிலேதான்.

எச்சரித்தோம், மக்கள் வெளியேறவில்லை என்று அன்று கூறப்பட்டது. போக்கிடம் காட்டாமல் வெளியேறச் சொன்னால் எங்கு செல்வது என்று மக்கள் கேட்டனர். ஆய்வாளர் எச்சரித்தார். அதிகாரி கடிதம் அனுப்பினார். நிருவாகம் கோப்பில் இட்டது. ஒவ்வொருவரும் தமது பங்கைச் செய்ததாகக் காட்ட முடியும். எனினும் 'இக்குடும்பங்களை இந்தத் திகதிக்குள் இந்தக் காணிக்கு மாற்றுவது எனது பொறுப்பு' என்று கையொப்பமிட்ட ஒருவர் இருக்கவில்லை. ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. பின்னர் மலை சரிந்தது.

தப்பியவர்களுக்கென 75 வீடுகள் பூனாகலை மாகந்தைப் பகுதியில் அமைக்கப்பட்டு 2016 இல் கையளிக்கப்பட்டன. அனர்த்தத்தின் பின்னர் இரண்டு ஆண்டுகளில் செய்ய முடிந்ததை அனர்த்தத்துக்கு முந்திய ஒன்பது ஆண்டுகளில் செய்ய முடியாமற் போனது ஏன் என்ற வினா இன்றும் நம்முன் நிற்கிறது. 2023 மார்ச் மாதத்தில் அதே பூனாகலைத் தோட்டத்தின் கபரகலைப் பிரிவில் மண்சரிவு ஏற்பட்டு லயன் குடும்பங்கள் இடம்பெயர நேர்ந்ததையும் இங்கு நினைவுகூர வேண்டும்.

திட்டத்துக்கு வெளியே உள்ளோர்

மலைநாட்டின் பெரிய கருத்திட்டங்கள் இன்னொரு பாடத்தையும் கற்பித்துள்ளன. ஊவாவில் உமாஓயா பல்நோக்குத் திட்டத்துக்கான சுரங்கம் தோண்டப்பட்டபோது 2014 டிசம்பரில் நிலத்தடி நீர் சுரங்கத்துக்குள் பீறிட்டுப் பாய்ந்தது. பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின. வீடுகளின் சுவர்களில் வெடிப்புகள் தோன்றின. அக்கிணறுகளின் உரிமையாளர்கள் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர்கள் அல்லர். திட்டத்தின் இலாப நட்டத்தில் பங்குள்ளவர்களும் அல்லர். ஆயினும் இடர் அவர்களது முற்றத்தில் வந்து விழுந்தது. ஒப்பந்தக்காரர், கடன் கொடுத்தவர், அமைச்சு என்போர் தமக்கிடையே இடரைப் பங்கிட்டுக்கொள்ளும்போது, ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்கும் மக்களின் இடரை எவர் ஏற்பது என்பதையும் முதலிலேயே எழுதி வைக்க வேண்டும் என்பதை அது உணர்த்தியது.

வீடமைப்பிலும் இதே நிலை உண்டு. மேலே ஒரு மலையில் வெட்டப்படும் மண் கீழேயுள்ள லயனையும், அதற்குக் கீழேயுள்ள பாதையையும், ஆற்றங்கரையிலுள்ள நகரத்தையும் பாதிக்கிறது. தலவாக்கலையிலும் ஹட்டனிலும் கடை நடத்தும் தமிழ், முஸ்லிம், சிங்கள வர்த்தகர்களின் வாழ்வும், மகாவலியின் கரையிலுள்ள கம்பளை மக்களின் வாழ்வும் மேலேயுள்ள மலைகளோடு பிணைக்கப்பட்டவையே. டித்வாவின்போது கம்பளை நகரம் நீரில் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. மழைக்கு இன மத பேதம் இல்லை. ஆகவே தோட்ட வீடமைப்பின் பாதுகாப்பை ஒரு சமூகத்தின் தனிப்பட்ட கோரிக்கையாகக் கருதாது, மலைநாட்டில் வாழும் அனைவரது கோரிக்கையாகவும் கொள்வதே பொருத்தமானது.

நள்ளிரவு மழையில் தீர்மானிப்பவர் யார்?

புதிய வீடுகள் எழும் வரை மக்கள் பழைய இடங்களிலேயே இருப்பர் என்பதால், இடைக்காலப் பொறுப்பும் தெளிவாக வேண்டும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மழைவீழ்ச்சியை அடிப்படையாகக் கொண்டு மூன்று மட்டங்களில் எச்சரிக்கை விடுக்கிறது. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டிய மஞ்சள் நிலை, 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டிய செம்மஞ்சள் நிலை, 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் உடனே வெளியேற வேண்டிய சிவப்பு நிலை என அவை அமையும்.

எண்கள் தெளிவானவை. ஆனால் தோட்டத்தில் இவற்றைச் செயலாக்குவது யார்? மழைமானியை வாசிப்பவர் யார்? மின்சாரம் இல்லாத இரவில் பத்து லயன்களின் கதவுகளைத் தட்டுபவர் யார்? பாடசாலையையோ கோயில் மண்டபத்தையோ தொழிற்சாலையையோ திறப்பதற்கான சாவி யாரிடம் உண்டு? நடக்க இயலாத முதியவரையும் பிரசவத்துக்கு நாள் நெருங்கிய பெண்ணையும் கொண்டுசெல்லத் தோட்டத்து லொறியை அனுப்பும் அதிகாரம் யாருக்குண்டு? மஞ்சள் நிலையில் கொழுந்து பறிக்கும் வேலையை நிறுத்தினால் அந்நாட் சம்பளம் கிடைக்குமா? கடைசி வினா சிறிதெனத் தோன்றலாம். ஆனால் நாட்சம்பளத்தை நம்பி வாழும் குடும்பத்துக்கு அதுவே முதல் வினா. சம்பளத்தை இழக்கும் அச்சத்தில் மலைக்குச் செல்பவரிடம் எச்சரிக்கை பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

இவ்வினாக்கள் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயரும், அவர் இல்லாதபோது கடமையை ஏற்கும் இன்னொருவரின் பெயரும், ஒரு தொலைபேசி இலக்கமும் எழுதப்பட்டு, பெரட்டுக் களத்திலும் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்திலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும். மாரி தொடங்குவதற்கு முன்னர் ஒருமுறையேனும் அதனை ஒத்திகை பார்க்க வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை.

செய்ய வேண்டியது யாது?

எந்தவொரு தோட்டத்திலும் அடிக்கல் நாட்டப்படுவதற்கு முன்னர் நான்கு விடயங்கள் நிறைவேற வேண்டும் என்று நாம் வலியுறுத்துகிறோம். முதலாவதாக, அக்காணிக்கான மண்சரிவு மதிப்பீட்டு அறிக்கை பயனாளிகளுக்கு அவர்களது மொழியில் வாசித்து விளக்கப்பட வேண்டும். இரண்டாவதாக, ஒரு பக்கத்துக்கு மேற்படாத இடர் பதிவேடு தயாரிக்கப்பட்டு, மண்சரிவு, மண்வெட்டு, வடிகான், விலையேற்றம், தாமதம் ஆகிய ஐந்துக்கும் ஐந்து பொறுப்பாளர்கள் பதவியுடனும் பெயருடனும் குறிக்கப்பட வேண்டும். அவர்கள் மாற்றலாகிச் செல்லும்போது பதவியேற்பவர் அப்பதிவேட்டில் கையொப்பமிட்ட பின்னரே கடமையை ஏற்க வேண்டும். மூன்றாவதாக, மொத்த நிதியில் ஒரு பகுதி தாங்குசுவருக்கும் வடிகானுக்கும் தனியாக ஒதுக்கப்பட்டு, வேறு தேவைக்குத் திருப்பப்படாதிருக்க வேண்டும். நான்காவதாக, புதிய வீட்டுக்குக் குடிபெயர்ந்த பின்னர் பழைய லயன் அகற்றப்பட வேண்டும். அல்லாவிடில் வீடற்ற இன்னொரு குடும்பம் அங்கு குடியேற, விட்டுவந்த இடர் மீண்டும் தொடரும்.

தொழிற்சங்கங்களுக்கும் இதில் புதிய பங்குண்டு. சம்பள உயர்வுக்காகக் குரல் கொடுப்பது போன்று, மண்ணின் உறுதிக்காகவும் அவை குரல் கொடுக்க வேண்டும். எத்தனை வீடுகள் பெற்றுத்தந்தோம் என்ற கணக்கோடு, எத்தனை வீடுகள் பாதுகாப்பான மண்ணில் நிற்கின்றன என்ற கணக்கையும் தேர்தல் மேடையில் கூறும் நிலை உருவாக வேண்டும்.

இரு நூற்றாண்டுகளாக இம்மலைகளில் உழைத்த மக்களுக்குச் சொந்தக் காணியும் வீடும் கிடைப்பது கருணையன்று, கடமையாகும். அவ்வீடு அடுத்த பெருமழையில் அவர்களுக்கே புதைகுழியாகிவிடாமல் பார்த்துக்கொள்வதும் அக்கடமையின் பகுதியே. இம்முறை அடிக்கல்லில் பிரமுகர்களின் பெயர்கள் பொறிக்கப்படும்போது, அந்த மண்ணின் உறுதிக்குப் பொறுப்பேற்றவரின் பெயரும் அருகே பொறிக்கப்படுமாயின், மீரியபெத்தை தந்த பாடத்தை நாம் கற்றுக்கொண்டோம் என்று கூறலாம்.